பச்சைக் குடை ஒட்டிய டப்பாக்கள்

அல்போன்சம்மாளை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அவர் செய்ததாக அதில் எழுதப்பட்ட குற்றம் ஒரே வரி: பிற மதத்தாரின் வழிபாட்டை, விருந்தினர் முன்னிலையில், வேண்டுமென்றே அவமதித்தார். சிங்கப்பூரில் ஒருவரைப் பற்றி இதைவிட மோசமாக ஒரு வரி எழுத முடியாது. திருடினார் என்று எழுதியிருந்தால்கூட இன்னொரு தொழிற்சாலையில் யாராவது இரக்கப்பட்டிருப்பார்கள். அது தெரிந்துதான் முதலாளி அந்த வரியைச் சொன்னார். தெரிந்துதான் நானும் தட்டினேன். அந்த வரி பொய். நடந்தது வேறு.

அல்போன்சம்மாளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. செம்பாவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா கப்பல்களுக்குச் சாயம் அடித்தார். வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்து போன வருடம் அல்போன்சம்மாள் கணவரோடு புக்கிட் மேராவுக்குக் குடிவந்தார். கணவர் ஆம்ப்ரோஸுக்குத் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை. 1977இல் ஒரு மாலை பாரந்தூக்கியின் கம்பிவடம் அறுந்து மூட்டைகள் அவர்மேல் விழுந்தன. வடம் நைந்திருந்ததை அன்று காலையிலேயே நான்கு பேர் பார்த்திருந்தார்கள். அது அடக்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நால்வரும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள், அழுதார்கள்.

“வாய் இருந்துச்சு தம்பி, அழுறதுக்கு மட்டும்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

கோபம் வந்தால் அவர் குரல் உயராது. தாழும். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு முன்வரிசைப் பெஞ்சில் கைக்குட்டை போட்டு இடம்பிடித்த ஒரு பணக்கார அம்மாளிடம், அந்தக் கைக்குட்டையை நான்காக மடித்துக் கொடுத்து, “மாதா எல்லாருக்கும் பொது, பெஞ்சு மட்டும் உங்களுக்கா?” என்று காதோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். அந்த அம்மாளுக்கு அன்று முழுவதும் வியர்த்ததாகக் கேள்வி.

ஆம்ப்ரோஸ் இறந்த அடுத்த மாதம், மகள் பிரிஜட்டைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, வீட்டுக்கு எதிரே இருந்த அடுக்குமாடித் தொழிற்கூடத்தின் மூன்றாம் மாடியில் கோ என்ற சீனரின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அறைக்கு வாசனை அடிக்கும் ஸ்ப்ரே டப்பாக்கள் செய்யும் கம்பெனி அது, நான் அங்கே குமாஸ்தா. ஒரே அறையில் ஏழு பெண்கள். ஒருத்தி வாசனைத் திரவம் ஊற்றுவாள், ஒருத்தி மூடியை அழுத்துவாள், இயந்திரம் கேஸை ஏற்றும். கடைசியில் அல்போன்சம்மாளின் வெந்நீர்த் தொட்டி. கேஸ் ஏற்றிய ஒவ்வொரு டப்பாவையும் கை பொறுக்கும் சூட்டில் உள்ள அந்தத் தண்ணீரில் முக்க வேண்டும். குமிழி வந்தால் டப்பா கசிகிறது என்று பொருள். தூக்கிப் போட்டுவிட வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவர் பார்த்த வேலை குமிழி பார்ப்பது.

அந்த அறைக்கு மேற்பார்வையாளர் பாலகிருஷ்ணன். வாயில் எந்நேரமும் சிகரெட் இருக்கும். சாம்பலை இயந்திரத்தின் விளிம்பிலேயே தட்டுவார். பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். அவர் சிரிப்பார். அப்போது ஏற்றிய கேஸ் தீப்பிடிக்காது. அதனால் அது ஒரு அருவருப்பாக மட்டும் இருந்தது.

இந்த வருடம், 1989இல், வானத்தில் ஓசோன் படலம் ஓட்டையாகிறது என்று பத்திரிகைகள் வாரம் தவறாமல் எழுதின. ஸ்ப்ரே டப்பாவில் அடைக்கும் அந்தத் தீப்பிடிக்காத கேஸ்தான் காரணம் என்றார்கள். உடனே ராபின்சன் ரோட்டில் சில வணிகர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். ‘பச்சைக் குடை’ என்று ஒரு முத்திரை. சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருள் என்று அடையாளம் காட்டும் ஒட்டுத்தாள். சட்டம் இல்லை, கட்டாயம் இல்லை, விரும்பிய கம்பெனி சேரலாம். தன் பொருளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குத் தானே பதில் எழுதிக்கொள்ளலாம். பேரங்காடிகளில் பச்சைக் குடை ஒட்டிய பொருள்களுக்குத் தனித் தட்டு ஒதுக்கினார்கள். அந்தத் தட்டில் இடம் வேண்டும் என்று கோ துடித்தார்.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். டப்பாவின் தகரம் எங்கிருந்து வருகிறது, திரவம் மண்ணில் மக்குமா, அட்டைப்பெட்டியில் எந்த மை, கேஸ் என்ன வகை. எல்லாம் டப்பாவைப் பற்றி. கேஸ் கேள்விக்கு வந்ததும் கோ, “பழசு இல்லன்னு அடி லா. புது கேஸ் அடுத்த மாசம் வருது, என்ன இப்ப?” என்றார். அடித்தேன்.

ஜூலையில் ஒட்டுத்தாள் சுருள் சுருளாக வந்தது. பெண்கள் கையால் ஒட்டினார்கள். அல்போன்சம்மாள் ஒரு டப்பாவைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?”

“ஓசோனுக்குக் கெடுதல் இல்லன்னு போட்டிருக்கு அக்கா. ஆகாசத்துல ஒரு படலம் இருக்காம். பழைய கேஸ் மேல போய் அதை ஓட்டை போடுது. இதுல அந்த கேஸ் இல்லன்னு அர்த்தம்.”

“அதே வெள்ளை சிலிண்டர்தானே நிக்குது?”

நான் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகினேன்.

“நேத்து வரைக்கும் ஓட்டை போட்ட கேஸு, ஸ்டிக்கர் ஒட்டினதும் ஞானஸ்நானம் வாங்கிடுச்சா?”

ஒட்டுத்தாள் மேசையில் இருந்த லட்சுமி இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். லட்சுமிக்கு முப்பது வயது, தோ பாயோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். அந்த ஏழு பேரில் அல்போன்சம்மாளுக்கு நெருக்கம் அவள்தான். மத்தியானச் சோற்றை இருவரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். இவர் மீன் குழம்பு, அவள் வெள்ளிக்கிழமைகளில் சாம்பார்.

அல்போன்சம்மாள் சிரிக்கவில்லை. நேராகக் கோவின் அறைக்குப் போனார். கடைத்தெருவில் பேசும் மலாயில் அவர் சொன்னதன் சுருக்கம் இது: பொய் ஒட்டிய டப்பாவைத் தண்ணீரில் முக்க மாட்டேன். கோ முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். இரண்டு நாள் தொட்டி வேலை நடக்கவில்லை. சோதிக்காத டப்பாக்கள் மலைபோல் குவிந்தன. மூன்றாம் நாள் முத்திரைக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்களாம். கோவின் முகம் மாறியது. மிச்சமிருந்த ஒட்டுத்தாள்களைப் பூட்டி வைக்கச் சொன்னார். புது கேஸ் வரவழைத்துவிடலாம் என்றார்.

“சந்தோஷமா அல்போன்சா? நீ கேட்ட, நான் மாத்துறேன்.”

அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அந்த ஞாயிறு கோவில் வாசலில் நாலு பேரிடம் சொன்னாராம், எங்கள் கம்பெனி இனி ஆகாசத்தைக் கெடுக்காது என்று.

செப்டம்பர் கடைசி வாரம் புது கேஸ் வந்தது. சிவப்பு சிலிண்டர்கள். அறை அதே அறை. வாசனை வெளியே போகாமலிருக்க ஜன்னல்களை எப்போதோ ஒட்டி அடைத்துவிட்டார்கள். காற்றை வெளியே தள்ளச் சுவரில் இருந்த ஒரே காற்றாடி சீனப் புத்தாண்டோடு நின்றுபோனது. அதில் மைனா கூடு கட்ட ஆரம்பித்ததால் அட்டை வைத்து மூடியிருந்தார்கள். இயந்திரம் பழையது, அடைப்பு வளையங்கள் பழைய கேஸுக்கானவை. புது கேஸுக்கு அவை பொருந்தவில்லை. முன்பெல்லாம் நூறில் ஒரு டப்பா குமிழி விடும். இப்போது பத்தில் ஒன்று.

குமிழிக்கும் முன்னால் அல்போன்சம்மாள் கவனித்தது வேறொன்றை. பாலகிருஷ்ணன் சிகரெட் பிடிக்க வெளியே போனார்.

முதல் நாள் கவனித்தார். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“பாலா, பன்னெண்டு வருஷமா மெஷின் மேலயே சாம்பல் தட்டுவீங்க. இப்ப என்ன வராந்தாவுல போய் நின்னு பிடிக்கிறீங்க?”

“டாக்டர் சொல்லிட்டாருக்கா.”

“வராந்தாவுல பிடிச்சா நெஞ்சுக்கு நல்லதுன்னு சொன்னாரா?”

பெண்கள் சிரித்தார்கள். பாலகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அல்போன்சம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சிலிண்டரோட ஒரு பேப்பர் வந்திருக்கும்ல? படி.”

படித்தேன். எளிதில் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மணம் கிடையாது, மூக்குக்குத் தெரியாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் பயன்படுத்தக் கூடாது. தீக்குச்சி, விளக்கு, மின் பொறி எதுவும் அருகில் ஆகாது.

“இத பாலா படிச்சாரா?”

“அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார் அக்கா.”

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பார்த்தார்.

“நாந்தானே கேட்டேன்” என்றார் மிகத் தாழ்ந்த குரலில். “நான் கேட்டுத்தானே மாத்தினான்.”

புது கேஸ் தீப்பிடிக்கும் என்று அன்றைக்கே பெண்களிடம் சொன்னார். அறையின் மூலையில் ஆளுக்கொரு சாமி இருந்தது. லட்சுமியின் முருகன் படம், அல்போன்சம்மாளின் வேளாங்கண்ணி மாதா, தரையோடு தரையாகச் சிவப்புப் பெட்டி போல முதலாளியின் சீன நிலத்தெய்வம். மாதாவின் முன்னாலிருந்த மெழுகுவர்த்தியை முதலில் அவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கோவிடம் போய்க் காற்றாடி கேட்டார்.

“ஃபங்ஷன் முடியட்டும் லா” என்றார் கோ. ஆய்வுக்கூடத்தில் டப்பா தேறிவிட்டது. முத்திரைக் குழு பித்தளைப் பலகை கொண்டுவந்து கொடுக்கப் போகிறது. அக்டோபர் ஒன்பது, ஆயுத பூஜை நாள். வருடா வருடம் அந்த அறையில் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்துச் சூடம் காட்டுவார்கள், கோ தன் ஊதுபத்திகளைக் கொளுத்துவார், எல்லாருக்கும் சுண்டலும் ஆரஞ்சும். இந்த வருடம் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டார். பத்திரிகைப் படத்துக்கு நன்றாக இருக்குமாம், எல்லா இனமும் எல்லா மதமும் ஒரே அறையில்.

“சூடம் கொளுத்தக் கூடாது” என்றார் அல்போன்சம்மாள்.

“அன்னைக்கு மெஷின் ஓடாது, கேஸ் மூடியிருக்கும். பாலா பாத்துப்பான்.”

பாலகிருஷ்ணன் தலையாட்டினார். லட்சுமியும் அதை நம்பினாள். கேஸ் மூடியிருந்தால் என்ன பயம்? வருடத்தில் ஒரு நாள் இயந்திரத்துக்குச் சூடம் காட்டாமல் விட்டால்தான் அவளுக்குப் பயம். போன வருடம் மூடி அழுத்தும் இயந்திரத்துக்குச் சந்தனம் வைக்க மறந்து, அடுத்த வாரமே ஒருத்திக்கு விரல் நசுங்கியது என்பது அவள் கணக்கு. இந்த வருடம் ஒன்று விடாமல் செய்ய வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

விருந்தினர் மூன்று பேர். குழுவின் அதிகாரி சுப்பிரமணியம், அவருடன் ஒரு சீனப் பெண்மணி, படம் எடுப்பவர். படம் எடுப்பவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இயந்திரம் ஓடினால்தான் படத்தில் உயிர் இருக்கும் என்றார். கோ பாலகிருஷ்ணனைப் பார்த்தார். பாலகிருஷ்ணன் சிவப்பு சிலிண்டரைத் திறந்தார்.

பத்து நிமிடம் ஓட்டினார்கள். அல்போன்சம்மாளும் தொட்டியில் நின்று முக்கினார். விருந்தினர் முன்னால் கசிந்த டப்பாவை யாரும் தூக்கிப் போடக் கூடாது என்று கோ முன்பே சொல்லியிருந்தார். பத்துக்கு மூன்று குமிழி விட்டது. அவர் என்னைப் பார்த்தார். பாலகிருஷ்ணனைப் பார்த்தார். இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

இயந்திரம் நின்றது. சிலிண்டர் மூடப்பட்டது. பின்னறையில் தட்டு அலங்கரித்துக்கொண்டிருந்த லட்சுமிக்கு இயந்திரம் ஓடியதே பெரிய விஷயமாகப் படவில்லை. இப்போது மூடியாயிற்றே. சூடம் ஏற்றிய பிறகு வெளியே பூசணிக்காய் உடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே தட்டோடு வந்து குனிந்தாள். கோ தரைத் தெய்வத்தின் முன்னால் மண்டியிட்டு ஊதுபத்திகளைக் கையில் எடுத்தார்.

“லட்சுமி, கொளுத்தாத!”

“ரெண்டே நிமிஷம்க்கா.”

“கீழ கேஸ் இருக்குடி, தரையில இருக்கு!”

அறையில் மங்கல வாத்தியக் கேசட் பெரிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லட்சுமி சிரித்தபடி தீப்பெட்டியைத் திறந்தாள். படம் எடுப்பவர் கேமராவைத் தூக்கினார். அல்போன்சம்மாள் தொட்டியருகே இருந்த வாளியை முக்கி எடுத்து அப்படியே வீசினார். சூடம், குங்குமம், பூ, முருகன் படம், லட்சுமியின் புதுப் புடவை, சுப்பிரமணியத்தின் காலணி எல்லாவற்றிலும் வெந்நீர். இரண்டாவது வாளி கோவின் ஊதுபத்திகளுக்கு. தரைத் தெய்வத்தின் சிவப்பு மாடத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. தீக்குச்சி உரசப்படவே இல்லை.

நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

லட்சுமி நனைந்த முருகன் படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். “ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?” என்றாள். அடுத்து அவள் கேட்டதுதான் அந்த அறையையே பிளந்தது. “உங்க மாதாவுக்கு நாங்க இப்படிப் பண்ணோமா?”

அல்போன்சம்மாள் வாளியைக் கீழே வைத்தார். பாலகிருஷ்ணனைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க சொல்லுங்க பாலா. ஏன் ஊத்தினேன்னு சொல்லுங்க.”

பாலகிருஷ்ணன் தலையைத் தலையை ஆட்டினார். “என்னதான் இருந்தாலும் சாமி விஷயத்துல இப்படிச் செய்யலாமா?” என்றார்.

சிலிண்டரை மூடிய பிறகும் கேஸ் தரையில் கிடக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பத்து நாளாக வராந்தாவுக்கு நடந்தவர். ஏழு பெண்களில் ஒருத்தியிடம்கூட வாய் திறக்காதவர். நானும் வாய் திறக்கவில்லை. தாளைப் படித்துக் காட்டியவன் நான்.

மறுநாள் அந்தக் கடிதம்.

எதுவும் நடக்காமல் போனதுதான் அல்போன்சம்மாளுக்கு எதிரான சாட்சி. தீப்பிடித்திருந்தால் அவர் சொன்னது சரி. பிடிக்கவில்லை, ஆகவே அவர் பொறாமை பிடித்த வேதக்காரி. செய்தி ஒரே வாரத்தில் தேக்கா சந்தைக்குப் போய்விட்டது. பூக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினைந்து வருடப் பழக்கமுள்ள மசாலாக் கடையில் அவரைக் கடைசியாகக் கவனித்தார்கள். வேலை போனதை அவர் பெரிதாகப் பேசவில்லை. “முருகன் மேல தண்ணி ஊத்தினவள்னு சொல்றாங்க தம்பி. அத எப்படித் துடைக்கிறது?” என்றார்.

முதலில் முத்திரைக் குழுவின் அலுவலகத்துக்குப் போனார். ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார். தேவைப்படவில்லை. சுப்பிரமணியம் தமிழிலேயே பேசினார். மரியாதையாக நாற்காலி காட்டினார், குடிக்க மைலோ வரவழைத்தார்.

“அன்னைக்கு என் ஷூ நனைஞ்சது உங்களாலதானே?” என்று சிரித்தார்.

“ஆமா. உள்ள கால் இருக்குல்ல?”

அவர் சிரிப்பு நின்றது.

அல்போன்சம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். அடைத்த ஜன்னல், மைனா, வளையம், குமிழி, தரை. சுப்பிரமணியம் கவனமாகக் கேட்டார். கோப்பை எடுத்துப் புரட்டினார்.

“அம்மா, நீங்க சொல்றது சீரியஸ் மேட்டர்தான். ஆனா எங்க ஸ்கீம் ப்ராடக்ட்டை மட்டும்தான் பாக்கும். டப்பா லேப்ல பாஸ் ஆயிடுச்சு. ஓசோனுக்கு அதுல ஒண்ணுமில்ல. நாங்க முத்திரைய திரும்ப வாங்க முடியாது.”

“டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்க. டப்பாவ அடைக்கிற ரூமைப் பாக்கலியா? அன்னைக்கு அங்கதானே நின்னீங்க?”

“அந்தக் கேள்வி ஃபார்ம்ல இல்லம்மா.”

“நாப்பத்தோரு கேள்வி கேட்டீங்களாமே. பெட்டிக்கு என்ன மைன்னு கேட்டீங்களாம். ஏழு பொம்பளைங்க அங்க நிக்கிறாங்க, அவங்களுக்கு ஒரு கேள்வி இல்லியா?”

“இது வாலன்டரி ஸ்கீம். கம்பெனிங்க விரும்பி வர்றது. ரொம்பக் கேட்டா யாரும் வரமாட்டாங்க லா.”

அல்போன்சம்மாள் எழுந்தார். அவர் குரல் எவ்வளவு தாழ்ந்தது என்றால் சுப்பிரமணியம் கேட்பதற்கு முன்னால் சாய வேண்டியிருந்தது. “ஆகாசத்துல ஓட்டை விழுதுன்னு உங்களுக்கு இங்க ஏசி ரூம்ல தூக்கம் வரல. சரி. அந்த ஆகாசத்துக்குக் கீழதான் அவங்களும் நிக்கிறாங்க. குடையில அவங்களுக்கு மட்டும் இடம் இல்லன்னு எழுதி ஒட்டுங்க.”

மைலோவைத் தொடவில்லை.

அடுத்து, தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசாங்க அலுவலகம். அங்கே மனு எழுதிக் கொடுத்தது நான். ஒன்பதாம் நாள் ஓர் ஆய்வாளர் கருவியோடு வந்தார். இயந்திரத்தை ஓட்டச் சொல்லி, கருவியின் குழாயைத் தரையில் வைத்தார். முள் ஏறிய வேகத்தைப் பார்த்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அறையைப் பூட்டினார்கள். காற்றாடிகள், பொறி பறக்காத சுவிட்சுகள், புது வளையங்கள் எல்லாம் பொருத்தும்வரை வேலை இல்லை. மூன்று வாரம்.

இடையில் தீபாவளி.

பெண்களிடம் கோ சொன்னது இவ்வளவுதான்: வேலையிலிருந்து போனவள் பழிவாங்கப் புகார் கொடுத்துவிட்டாள். கருவியின் முள்ளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு லட்சுமி புக்கிட் மேராவுக்கு வந்து, அல்போன்சம்மாள் வீடு இருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று கத்தினாள்.

“பூஜையையும் கெடுத்தீங்க, பொழப்பையும் கெடுத்தீங்க! எம் பிள்ளைங்களுக்குப் புதுத்துணி இல்ல. நல்லா இருங்க!”

ஏழாம் மாடியிலிருந்து அல்போன்சம்மாள் எட்டிப் பார்த்தார். பிரிஜட் இறங்கிப் போய்ச் சண்டை போடுகிறேன் என்றாளாம். “அவ கத்துறதுக்கு உயிரோட இருக்காள்ல, கத்தட்டும்” என்று மகளைத் தடுத்தாராம். சொன்னாரே தவிர அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று பிரிஜட் சொன்னாள்.

நவம்பர் நடுவில் அறை திறந்தது. நான்கு காற்றாடிகள். பச்சைக் குடை பலகை அலுவலக வாசலில் மாட்டப்பட்டது. அல்போன்சம்மாள் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் தட்டுக் கழுவப் போனார்.

டிசம்பரில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பெண்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பாலகிருஷ்ணன்தான் முதலாளியோடு மல்லுக்கட்டிக் காற்றாடி வாங்கினார், இல்லாவிட்டால் நம் கதி என்ன என்று ஒருத்தி சொன்னாள். பாலகிருஷ்ணன் மறுக்கவில்லை. தன் கோழிக் காலைக் கடித்துக்கொண்டு, “என்ன பண்றது, நம்ம ஆளுங்கள நாமதானே பாக்கணும்” என்றார்.

அன்று மாலை அல்போன்சம்மாள் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. “நாளைக்கு மத்தியானம் எத்தன மணிக்கு வெளிய வருவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மூன்றாம் மாடி லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். சிற்றுண்டிச் சாலையின் ஏப்ரன்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். பெண்கள் வந்தார்கள், நின்றார்கள். லட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியாகப் பாலகிருஷ்ணன் வந்தார்.

“பாலா, ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். புது கேஸ் வந்த அன்னைக்கே அது தரையில தங்கித் தீப்பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

இதுவரை அவரை ‘நீங்க’ என்றே சொன்னவர். பாலகிருஷ்ணன் சுற்றிலும் பார்த்தார்.

“முடிஞ்சு போன விஷயம்க்கா. விடுங்க.”

“உனக்கு முடிஞ்சுது. தெரியுமா, தெரியாதா?”

“நானும் குடும்பஸ்தன். முதலாளி சொல்லாதன்னாரு...”

“அப்ப தெரியும்.”

அவர் தரையைப் பார்த்தார். முதலில் கேட்டது லட்சுமிதான். “அண்ணே, நான் தீப்பெட்டியத் திறந்தப்ப நீங்க எம் பக்கத்துலதானே நின்னீங்க?”

“ரெண்டு அடி தள்ளி” என்றார் பாலகிருஷ்ணன், அது ஏதோ நியாயம் போல. பிறகு மிக மெல்ல, “தெரியும்” என்றார்.

“மெஷினை ஓட்டினதும் நீங்கதானே?”

அவர் சட்டைப்பையில் சிகரெட் பெட்டியைத் தேடினார். அல்போன்சம்மாள் லட்சுமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீயும் சொல்லு தம்பி.”

“எனக்கும் தெரியும்” என்றேன். “பேப்பரைப் படிச்சேன். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடிச்சேன்.”

“அக்கா...” என்று லட்சுமி கையை நீட்டினாள். “அக்கா, நான் உங்க வீட்டு வாசல்ல வந்து...”

“உன்கிட்ட அன்னைக்கே கத்தினேன், பாட்டுச் சத்தத்துல உனக்குக் கேக்கல. அது உன் தப்பு இல்ல.” அவர் குரல் இளகவில்லை. “இவனுங்களுக்கு எல்லாம் கேட்டுச்சு.”

லட்சுமி, பக்கத்தில் ஒருத்தி திறந்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கிப் பாலகிருஷ்ணனின் காலடியில் எறிந்தாள். அவர் கால்சட்டை நனைந்தது. யாரும் தடுக்கவில்லை.

லிஃப்ட் வந்தது. அல்போன்சம்மாள் ஏறிக்கொண்டார். ஒன்றரை மணிக்குள் அவர் தட்டுக் கழுவத் திரும்ப வேண்டும். பெண்கள் எல்லாரும் அவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் பாலகிருஷ்ணனையும் என்னையும் பார்க்காமல் பொத்தானை அழுத்தினார்.